பின்னறை சுடுகிறது, முன்கூடம் சில்லிடுகிறது: ஹைட்ரானிக் ஹீட்டரின் முன் சுற்றில் என்ன கோளாறு?

ஜனவரி 6, இரவு 10.40

எங்கள் மோட்டார் ஹோமில் டீசலில் இயங்கும் ஹைட்ரானிக் ஹீட்டர் உள்ளது; கூலன்ட் என்னும் திரவத்தைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்புவது அது. பாய்லர் வண்டியின் பின்பக்கத்தில், தரைக்குக் கீழுள்ள பெட்டியில் இருக்கிறது. அங்கிருந்து கூலன்ட் இரண்டு சுற்றுகளாகப் பிரிந்து ஓடுகிறது. ஒன்று படுக்கையறைக்கும் குளியலறைக்கும் போகிறது; மற்றொன்று முன்கூடத்தைத் தாண்டி ஓட்டுநர் இருக்கை வரை போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பம்ப் உண்டு.

மூன்று நாள்களாகப் பின் சுற்று வழக்கம்போல் சுடுகிறது, முன் சுற்றில் மட்டும் சூடே இல்லை. பர்னர் ஒழுங்காகப் பற்றுகிறது, பிழைக்குறி எதுவும் வரவில்லை, ஃபியூஸ்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. முன்கூடத்து ஹீட்டரின் ஃபேன் சுழலவே இல்லை. வெளியே இரவில் உறைநிலைக்குக் கீழே 6 டிகிரி வரை இறங்குகிறது. முன்கூடத்துச் சோபாவில்தான் என் அம்மா படுத்துக்கொள்வார் என்பதால், இதை வசந்தகாலம் வரை தள்ளிப்போட முடியாது.

முன் சுற்றின் பம்ப் போய்விட்டது என்பதே என் முடிவு. புதியது வாங்குவதற்கு முன் வேறு எதையேனும் பார்க்க வேண்டுமா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஜனவரி 7, காலை 8.15

ஃபேனை மாற்றச் சொன்ன நண்பருக்கு: ஃபேன் நன்றாகவே இருக்கிறது. இவ்வகை ஹீட்டர்களில் கூலன்ட் குழாயோடு ஒட்டினாற்போல ஒரு சிறு வெப்ப சுவிட்ச் இருக்கும். குழாய் ஏறத்தாழ 40 டிகிரியைத் தொட்ட பிறகே அது ஃபேனுக்கு மின்சாரத்தை விடும். குளிர்ந்த காற்று அறைக்குள் வீசாமலிருக்கவே இந்த ஏற்பாடு. இன்று காலை தலைமுடி உலர்த்தும் கருவியை அந்தச் சுவிட்சின் மீது ஒரு நிமிடம் பிடித்தேன். ஃபேன் உடனே சுழலத் தொடங்கியது, கருவியை எடுத்த சற்று நேரத்தில் நின்றும்விட்டது. ஆகவே ஃபேன் சுழலாதது கோளாறின் விளைவுதான். சூடான கூலன்ட் அங்கே வந்து சேரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

ஜனவரி 7, மாலை 6.30

பம்ப் போய்விட்டது என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்து பம்பின் மீது கை வைத்தபோது மெல்லிய அதிர்வு தெரிந்தது. பின் சுற்றின் பம்பைத் தொட்டால் உள்ளங்கையில் உறுதியான ரீங்காரம் தெரிகிறது. முன் சுற்றின் பம்பிலோ ஏதோ தொலைவில் ஓடுவது போன்ற தளர்ந்த துடிப்புதான்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியில் 12.2 வோல்ட், பம்பின் இணைப்பில் 10.1 வோல்ட். வழியில் 2.1 வோல்ட் தொலைந்துபோகிறது. இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் அதே கம்பியில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, ஏனெனில் மின்னோட்டம் இல்லாத கம்பியில் இழப்பும் இருக்காது. சுமை இருக்கும்போது அளக்காத வோல்ட்டேஜை நம்ப வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். இதே தவறால் நான் முன்பு ஒருமுறை நல்ல தண்ணீர்ப் பம்பைக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

10 வோல்ட்டில்தான் ஓடுகிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது மையவிலக்குப் பம்ப். இதில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால், தள்ளும் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனெனில் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. குட்டையான பின் சுற்றாக இருந்தால் அதையும் சமாளித்திருக்கும். முன் சுற்று வண்டியின் முழு நீளத்தையும் கடந்து போய்த் திரும்ப வேண்டியது.

ஜனவரி 8, மதியம் 1.00

வோல்ட்டேஜ் தொலைந்த இடம் கிடைத்துவிட்டது. பின்சக்கரத்தின் மேலே தரையைத் துளைத்து வரும் கம்பியின் இணைப்பில், உள்ளே பச்சை பூத்திருந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிய இணைப்பைப் போட்டு, நீர் புகாதபடி சுருங்கு குழாயால் மூடினேன். இப்போது பம்பில் 11.9 வோல்ட் வருகிறது, ரீங்காரமும் பின் பம்பைப் போலவே கேட்கிறது.

ஆனால் முன்கூடம் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது.

குழாயின் மீது வைத்து அளக்கும் வெப்பமானியைக் கொண்டு பார்த்ததில், பாய்லரின் வெளியேற்றத்தில் 71 டிகிரி, பின் சுற்று திரும்பும் இடத்தில் 63 டிகிரி. முன் சுற்று அதே 71 டிகிரியில்தான் புறப்படுகிறது. முன்கூடத்து ஹீட்டருக்குள் நுழையும்போது 34, திரும்பி வரும்போது 19. ஃபேனும் ஓடாத நிலையில் வழியிலேயே இவ்வளவு வெப்பம் இறங்குகிறதென்றால், கூலன்ட் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். வேகமாக ஓடும் கூலன்ட் வழியில் ஆறிப்போக நேரம் இருக்காது.

ஜனவரி 8, இரவு 9.20

பர்னர் அடிக்கடி அணைகிறதா, அப்படியானால் பர்னரைத்தான் முதலில் பிரிக்க வேண்டும் என்று எழுதிய அன்பருக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஆம், அடிக்கடி அணைகிறது. நான்கைந்து நிமிடம் எரிந்து நின்றுவிடுகிறது, பிறகு மறுபடி பற்றுகிறது. இருந்தாலும் இது பர்னரின் நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. பாய்லர் உண்டாக்கும் வெப்பத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டிய முன் சுற்று எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பாய்லருக்குள் இருக்கும் கூலன்ட் விரைவில் உச்ச வெப்பத்தைத் தொட்டுவிடுகிறது, தெர்மோஸ்டாட்டும் தன் கடமைப்படி பர்னரை நிறுத்துகிறது. பர்னருக்கே கோளாறு இருந்தால் வேறு விதமாகத் தெரியும்: பற்றும்போது வெண்புகை வரும், பற்றவைக்கும் குளோ பின் சூடேறியும் சுடர் நிலைக்காது, சில முயற்சிகளுக்குப் பிறகு கட்டுப்பாட்டுப் பெட்டி தானே பூட்டிக்கொண்டு பிழைக்குறி காட்டும்.

இப்படிக் குறுகிய நேரம் எரிந்து எரிந்து அணைவதை நீண்ட நாள் விட்டுவைத்தால், எரிகலத்தில் கரி படிந்து பர்னரும் உண்மையிலேயே கெட்டுப்போகும். அந்த எச்சரிக்கையை அன்பரிடமிருந்து நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 9, இரவு 11.00

காற்றடைப்புதான்! வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் கையளவு உயர்த்தினேன், முன்கூடத்து ஹீட்டரின் காற்றுத் திருகுதான் சுற்று முழுவதிலும் உயரமான புள்ளியாக இருக்க வேண்டும் என்பதற்காக. பம்பை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு கந்தல் துணியைப் பிடித்துக்கொண்டு திருகை அரைச்சுற்று தளர்த்தினேன். பாய்லர் நல்ல சூட்டில் இருந்தது. உஸ்ஸென்று சீறலோடு காற்று வெளியேறியது, அரை நிமிடம் கழித்துக் குமிழிகளும் கூலன்டும் கலந்து வந்தன, பிறகு கூலன்ட் மட்டும் ஒரே சீராக வந்தது. திருகை இறுக்கிப் பம்பைப் போட்டவுடன் தரைக்கடியில் களகளவென்று ஓர் ஓசை முன்னிருந்து பின்னோக்கி ஓடியது. பத்தே நிமிடத்தில் ஃபேன் தானாகச் சுழன்றது.

அம்மா இன்று கம்பளியை உதறிவிட்டுத் தூங்குகிறார்.

கசிவு உள்ளதா என்று கேட்டவர்களுக்கு: விரிவுத் தொட்டியில் கூலன்டின் மட்டம் மூன்று நாள்களாக ஒரு நூல்கூட நகரவில்லை. சூடாக இருக்கும்போதும் அதே கோடு, ஆறிய பிறகும் அதே கோடு. ஆகவே கசிவு இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஜனவரி 11, காலை 6.50

மறுபடியும் குளிர்ந்துவிட்டது. நேற்று பகலில் ஹீட்டரை நிறுத்திவைத்திருந்தோம், இரவு போட்டபோது முன் சுற்றில் பழையபடி சூடே இல்லை. காற்றுத் திருகைத் திறந்தால் மீண்டும் அதே சீறல். காற்று எங்கிருந்தோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

ஜனவரி 12, மாலை 4.10

ஒன்பதாம் தேதி நான் எழுதிய கடைசிப் பத்தியைத் தயவுசெய்து யாரும் நம்ப வேண்டாம். கசிவு இல்லை என்பதற்குச் சான்றாக நான் காட்டிய செய்திதான் கோளாறுக்குச் சான்று என்பது இன்று காலை தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது.

சூடேறினால் கூலன்ட் விரிய வேண்டும். எங்கள் கூலன்டான, தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த புரோப்பிலீன் கிளைக்கால் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது கன அளவில் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது. எங்கள் அமைப்பில் சுமார் 20 லிட்டர் இருக்கிறது, அப்படியென்றால் முக்கால் லிட்டருக்கு மேல் தொட்டிக்கு வந்து சேர வேண்டும். மட்டம் இரண்டு விரற்கடையாவது ஏற வேண்டும், ஆறும்போது அதே அளவு இறங்க வேண்டும். எங்கள் தொட்டியிலோ அசைவே இல்லை. இன்னொன்றையும் அன்றே கவனித்திருக்க வேண்டும்: அரை நிமிடம் காற்று வெளியேறியதே, அந்த இடத்தை நிரப்பத் தொட்டியிலிருந்து கூலன்ட் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கவில்லை. பம்பை நிறுத்திய பிறகும் அவ்வளவு சீறலோடு காற்று வந்ததற்கும் இதுதான் காரணம். தொட்டியின் மூடியில் காற்றுத்துளை உண்டு, எனவே பம்ப் ஓடாதபோது அமைப்புக்குள் அத்தனை அழுத்தம் தேங்க வழியே இல்லை.

இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு: விரிவுத் தொட்டிக்கும் மற்ற அமைப்புக்கும் இடையே தொடர்பு அறுந்துவிட்டது. சூடேறும்போது விரிந்த கூலன்டுக்குப் போக இடமில்லை, ஆகவே அழுத்தம் ஏறி, ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எங்கோ ஒன்று தளர்ந்திருக்க, அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. அந்தச் சொட்டு சூடான குழாயிலேயே உலர்ந்துபோவதால் தரையில் ஈரம் தெரிவதில்லை. ஆறும்போது கூலன்ட் சுருங்குகிறது, குறையை ஈடுசெய்யத் தொட்டியிலிருந்து எதுவும் வருவதில்லை, எனவே அதே கிளாம்ப் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இது நடக்கிறது. உள்ளே வந்த காற்று உயரமான இடத்தைத் தேடிப் போய் முன்கூடத்து ஹீட்டரில் தங்கிவிடுகிறது. பின் சுற்றுக்கு ஒன்றும் ஆகாததற்கு அது தாழ்வாக இருப்பதுதான் காரணம்.

நாளை பிரித்துப் பார்க்கிறேன். என் கணக்கு தவறாக இருந்தால் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.

ஜனவரி 13, இரவு 8.45

கணக்கு சரிதான்.

அமைப்பு முழுவதும் ஆறிய பிறகு, தொட்டியின் அடியிலிருந்து திரும்பு குழாய்க்குப் போகும் சிறிய ஹோஸைக் கழற்றினேன். தொட்டி நிறையக் கூலன்ட் இருந்தும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஹோஸ் வந்து சேரும் பித்தளை முழங்கையின் (வளைந்த இணைப்பின்) உட்துளை பென்சில் பருமன்தான் இருக்கும். அதற்குள் ஒரு கம்பியை விட்டபோது, முதலில் ரப்பரைக் குத்துவது போலிருந்தது. பிறகு விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கொழகொழப்பு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தால், ஆறிப்போன கஞ்சியின் ஆடையைச் சுருட்டி வைத்தது போல இருக்கிறது. விரல்களுக்கிடையே நசுக்கினால் மெல்லிய மணல் நெருடுகிறது.

கிளாம்பும் கிடைத்தது. முன் பம்பின் நுழைவாயிலில் உள்ளது. ஈரமே இல்லை, ஆனால் ஹோஸ் முடியும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்தது போன்ற பொருக்கு. கண்ணாடியை அடியில் நீட்டி விளக்கடித்துப் பார்த்திருக்காவிட்டால் அதுவும் கண்ணில் பட்டிருக்காது.

அடைப்பு ஏன் சரியாக அந்த முழங்கையில் வந்தது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். தொட்டிக் குழாயில் கூலன்ட் ஓடுவதில்லை, சூடேறும்போதும் ஆறும்போதும் மட்டும் மெல்ல மேலும் கீழும் நகர்கிறது. ஓட்டம் உள்ள குழாய்களில் வண்டல் தங்க முடியாது; ஓட்டமற்ற, குறுகலான அந்த இடத்தில் எளிதாகத் தங்கிவிடுகிறது.

ஜனவரி 14, காலை 10.00

இந்தக் கொழகொழப்பு எங்கிருந்து வந்தது என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். சென்ற குளிர்காலத்துக்கு முன் தொட்டியில் மட்டம் குறைந்திருந்தபோது, உள்ளே இருந்ததும் சிவப்பு, கையில் இருந்ததும் சிவப்பு என்பதால் ஒன்றரை லிட்டரை நானே ஊற்றினேன். கூலன்டின் நிறம் வெறும் சாயம்தான். அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது விதி கிடையாது. துருவைத் தடுக்கச் சிலிக்கேட் சேர்த்த கூலன்டும் கரிம அமிலம் சேர்த்த கூலன்டும் ஒரே நிறத்தில் விற்கப்படலாம். இரண்டும் கலந்தால் தடுப்புப் பொருள்கள் பலமிழக்கும், சில வேளைகளில் திரிந்து கூழாகவும் ஆகும். எனக்கு நேர்ந்தது அதுவே என்று கருதுகிறேன். பழைய கூலன்டைச் சோதனைத் தாளில் நனைத்துப் பார்த்தால் பி.எச். அளவு 7க்கும் கீழே காட்டுகிறது. நல்ல கூலன்ட் காரத்தன்மையோடு, 8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 7க்குக் கீழே போனால் அது பாய்லரின் அலுமினியத்தையே அரிக்கத் தொடங்கும்.

எத்திலீன் கிளைக்காலை ஊற்றினால் என்ன, மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டவருக்கு மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: உங்கள் பாய்லர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வெந்நீர் தருவதாக இருந்தால் அதைச் செய்யாதீர்கள். குடிநீரையும் கூலன்டையும் பிரிப்பது ஓர் உலோகச் சுவர் மட்டுமே. அதில் மயிரிழை வெடிப்பு விட்டால், எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையோடு தண்ணீரில் கலந்துவிடும். அது சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினாலும் உயிருக்கு ஆபத்து. தயாரிப்பாளரின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

கூலன்டின் உறைநிலையை, ஒளிவிலகலை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்திலீனுக்கும் புரோப்பிலீனுக்கும் அதில் தனித்தனி அளவுகோல் உண்டு, மாற்றிப் படித்தால் விடை தவறாக வரும்.

ஜனவரி 16, இரவு 9.30

இரண்டு நாள் வேலை முடிந்தது. பழைய கூலன்ட் முழுவதையும் கேன்களில் வடித்தேன். அதைத் தரையிலோ சாக்கடையிலோ விடாமல், கழிவு எண்ணெய் வாங்குமிடத்தில் ஒப்படைக்க வைத்திருக்கிறேன். பிறகு கனிமம் நீக்கிய தண்ணீரை நிரப்பி, சூடேற்றி, ஓடவிட்டு, வடித்தேன். மூன்றாம் முறையும் கலங்கலாகவே வந்தது, ஐந்தாம் முறைதான் தெளிந்தது. தொட்டி ஹோஸையும் பித்தளை முழங்கையையும் புதிதாக மாற்றினேன். பம்புகளின் இரு பக்கமும் திருகுக் கிளாம்புகளை எடுத்துவிட்டு வில் கிளாம்புகளைப் போட்டேன். குளிரில் ரப்பர் சுருங்கும்போது வில் கிளாம்ப் தானும் கூடவே இறுகிக்கொள்ளும், திருகுக் கிளாம்ப் அப்படியே நின்றுவிடும்.

நிரப்பும்போது தொட்டி வழியாக மேலிருந்து ஊற்றவில்லை. மிகத் தாழ்வான வடிகுழாயில் ஒரு கைப்பம்பை இணைத்து, கூலன்டைக் கீழிருந்து மெதுவாக ஏற்றினேன், காற்று தானாக மேலே தள்ளப்படும் என்பதால். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் காற்று நுண்குமிழிகளாகச் சிதறி, எடுப்பதற்கு ஒரு நாள் பிடிக்கும்.

ஜனவரி 17, காலை 7.40

நேற்று சொல்ல மறந்தவை இரண்டு. பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது முதன்மை சுவிட்சை அணைத்துப் பம்பை நிறுத்திவிடாதீர்கள். பர்னர் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்குப் பர்னரின் ஃபேனும் பம்பும் ஓடி எரிகலத்தை ஆற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே தேங்கிய கூலன்ட் கொதித்துவிடும். மற்றொன்று, இவ்வகை வேலைக்குப் பிறகு முதல் இரவு படுப்பதற்கு முன் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வண்டிக்கு அடியில் புரண்டு வேலை செய்யும்போது புகைக்குழாயைக் காலால் இடறியிருப்போம், அது நமக்கே தெரிந்திருக்காது.

ஜனவரி 22, இரவு 10.15

ஆறு நாள்களில் எட்டு முறை முழுவதும் ஆறவிட்டுச் சூடேற்றிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் முறைக்குப் பிறகு காற்றுத் திருகில் சீறல் இல்லை, திறந்தவுடன் கூலன்டே வருகிறது. முன் சுற்று 68 டிகிரியில் நுழைந்து 57 டிகிரியில் திரும்புகிறது. கழுவும்போது அதே பம்ப் நிமிடத்துக்கு 6 லிட்டர் வாளியில் விட்டதை வைத்துப் பார்த்தால், முன்கூடத்துக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பம் கிடைக்கிறது. ஹோஸ் திறந்திருந்தபோது எடுத்த அளவு என்பதால் உண்மை இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். பர்னர் இப்போது ஒரு மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் எரிகிறது.

பச்சை பூத்த மின் இணைப்பு வீண் வேலையா என்று ஒருவர் கேட்டிருந்தார். வீண் அல்ல. பம்ப் முழு பலத்தோடு ஓடியிருந்தால் சிறு காற்றுக் குமிழிகளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இரண்டு கோளாறுகளும் சேர்ந்ததால்தான் சுற்று முழுவதுமாக நின்றது. ஆனால் இணைப்பை மட்டும் சரிசெய்துவிட்டு விட்டிருந்தால், அடுத்த குளிருக்குள் இதே இடத்தில் வந்து நின்றிருப்பேன்.

தொட்டியின் மீது இரண்டு நாடாத் துண்டுகளை ஒட்டியிருக்கிறேன். ஆறிய மட்டத்துக்கு நீலம், சூடான மட்டத்துக்குச் சிவப்பு. இரண்டுக்கும் இடையே இரண்டரை விரற்கடை. உங்கள் வண்டியில் இதே அறிகுறி இருந்தால், கேள்வியோடு அந்த இரண்டு மட்டங்களையும் அளந்து எழுதுங்கள்.